மாரியாயி வாங்கிய கையெழுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை உடையார்கட்டிலிருந்து சைக்கிளில் வந்த மாரியாயியின் தம்பிக்காரர் எங்கள் வாசல் படலையில் நின்றபடியே, "அக்கா போயிட்டா" என்றார். மலேரியாக் காய்ச்சல். கிளிநொச்சியில், எங்கள் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதனை உதவியாளராக இருந்த மாரியாயிக்கு முப்பத்தாறு வயது.

எழுபத்தேழு இனக்கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது.

மாரிகாலத்தில் குளத்து நீரிலுள்ள சேற்றுத் துகள்கள் எல்லாம் ஒரே மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, படியாமல் மிதக்கும். எதிர் ஏற்றமுள்ள பொலிமர் தூளைக் கரைத்து ஊற்றினால் அவை திரண்டு அடியில் இறங்கும். கடதாசி ஆலைகளிலும் கூழைத் திரட்ட இத்தகைய தூளைப் போடுவார்கள். அளவு மிஞ்சினால் பொலிமர் துகள்களை முழுதாக மூடிவிடும். மறுபடியும் எல்லாம் ஒரே ஏற்றமாகித் தள்ளத் தொடங்கும். "கூடப் போட்டா கூடக் கலங்கும்" என்பார் மாரியாயி.

எண்பத்துநான்கு மாரியில் பொறுப்பதிகாரி மூன்று மடங்கு போடச் சொன்னான். அவனுக்கு நான் மரியாதை விகுதி தரமாட்டேன். மாரியாயி தடுத்தார்.

"கொழுந்து பறிச்ச கைக்கு இதென்ன தெரியும்? சொன்னதைச் செய்யும்" என்றான்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கலங்கல் தண்ணீர் போயிற்று. மாரியாயி பிழையாக அளந்ததாக அவன் மேலிடத்துக்கு எழுதினான். அவரைத் தொட்டி உரசும் வேலைக்கு இறக்கினார்கள். அருகில் நின்று எல்லாம் கேட்ட நான் வேலைக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

"நீங்களும் அங்கதான நின்னீங்க" என்றார். பிறகு என்னோடு கதைக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து மேலதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் முன் தண்ணீரைத் தெளியவைத்துக் காட்ட அவனுக்கு ஆள் தேவைப்பட்டது; மாரியாயியைக் கூப்பிட்டான்.

"அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க ஐயா."

பெருமையாக எழுதிக் கொடுத்தான். அவர் அதே அளவைக் குளத்து நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். பக்கத்துக் குவளையில் தன் கணக்குப்படி சில துளிகள் மட்டும் விட்டார். கால் மணித்தியாலத்தில் அவருடையது தெளிந்தது. அவனுடையது கலங்கியே நின்றது.

"இது யார் சொன்ன அளவு?" என்று கேட்டார் ஒருவர்.

மாரியாயி கடதாசியை நீட்டினார். "ஐயா எழுதினது. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன தண்ணிக்கும் இதே அளவுதான்."

அவன் தலை குனிந்ததை நான் ஆசைதீரப் பார்த்தேன். மாதம் முடியுமுன் அவனை மாற்றினார்கள். மாரியாயி பரிசோதனை மேசைக்குத் திரும்பினார்.

செத்தவீட்டில் அவனுடைய அனுதாபக் கடிதத்தை வாசித்தார்கள். "நான் பழக்கிய பிள்ளை" என்று எழுதியிருந்தான். நான் எழும்பி அதைப் பறித்துக் கிழித்தேன். நடந்ததை அங்கேயே சொன்னேன்; ஐந்து வருடம் பிந்தி.

அவருடன் வேலைசெய்த நண்பர்களே, அவர் என்னை மன்னிக்கவில்லை. என்மேல் அவருக்கிருந்த அந்தக் கோபம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை நான் ஆறவிடமாட்டேன்.