படித்துறையில் எண்ணிய மீன்

எனக்கு நீச்சல் தெரியாது. பரிசலில் ஏறினால் தலை சுற்றும். ஆனாலும் பிச்சாட்டூர் அணையில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணக்குச் சொன்ன மேதாவி நான்தான். மனைவியின் ஊர் அது. அங்கே மீனவர் சங்கத்தில் இருக்கும் என் மைத்துனன், வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டான். அந்த நம்பிக்கையை நானும் கெடுக்கவில்லை.

ஒரு பரிசலுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. அணையில் விட்ட மீன்குஞ்சு வளர்வதற்குள் அணை காலியாகிவிடக் கூடாதே. மழைக்குப் பிறகு சோதனை வலை போட்டுப் பார்த்து அளவை மாற்றுவார்கள். இம்முறை அதை நடத்திய நான், நடு அணைக்குப் போகப் பயந்து, அம்மன் கோயில் படித்துறையிலிருந்தே வலையை வீசச் சொன்னேன். வலை கிழிகிற அளவுக்கு மீன். அதை அணையின் பரப்பால் பெருக்கி, இருபது கிலோவாக உயர்த்தலாம் என்று கம்பீரமாக அறிவித்தேன்.

வேண்டுதலுக்கு வருகிறவர்கள் மீனுக்குப் பொரி போடுவது அந்தப் படியில்தான். நானே ஒருநாள் மனைவியோடு போய்ப் பொரி போட்டபோதுதான் அது உறைத்தது. பொரி விழும் இடத்தில்தானே மீன் கூடும்; நான் எண்ணியது அந்தக் கூட்டத்தை.

அதற்குள் வலைகள் இலேசாகியிருந்தன. வந்தவையும் விரல் நீளக் குஞ்சுகள். கோடைக்கு முன்பே அணையில் மீன் ஓய்ந்துவிட்டால் மைத்துனன் கூலி வேலை தேடிப் போக வேண்டியதுதான். நான் பாடம் நடத்தும் திருப்பதிக்குப் பஸ் ஏறினால் வழியெல்லாம் இதே நினைப்பு.

கடைசியில் விஷயத்தை மைத்துனனிடம் சொன்னேன். நடு அணையில் மறுபடி சோதனை வைத்தோம். பரிசலின் விளிம்பைப் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வலையைத் தூக்கியவர்களின் பேச்சு நின்றதிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

சங்கக் கூட்டத்தில் தப்பை ஒப்புக்கொண்டு, "இனிமேல் பத்து கிலோ" என்றேன்.

"ஏமி சார், போன மாசம் இருபது, இப்ப பத்தா? தக்காளி ரேட்டு கணக்கா இறக்கிக்கினே போறீங்களே!" என்றார் ஒரு பெரியவர். சிரிப்பு எழுந்தது. ஆனாலும் எல்லோரும் கை தூக்கினார்கள்.

பெரிய பாரம் இறங்கியது போல வெளியே வந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே மைத்துனன் சொன்னான்: "பத்துக்கு மேல புடிக்கக் கூடாது, சரி மாமா. அந்தப் பத்த எங்க புடிக்கறதுன்னும் சொல்லிட்டுப் போ."