தக்கலையில் இறங்கியவள்

ஒரு கண்டக்டருக்குப் பயந்து மூன்று மாதம் நான் பஸ் ஏறவில்லை. தபால் ஆபீஸ் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஊரையே அதட்டியவள் நான், எனக்குப் பயமா என்று கேட்பார்கள். பயம்தான். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகக் குளச்சல் போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் அவர். நான் சொன்ன ஒரு பொய், பொய்தான் என்று தெரிந்த ஒரே ஆள்.

வயதானவர்களுக்கு எங்கள் ஊரில் பொழுதுபோக்குக்குப் பஞ்சமில்லை. காலையில் பார்க்கில் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். மண்டப மாடியில் யோகா உண்டு, சாயங்காலம் பஜனை உண்டு. எனக்கு எதுவும் ஒத்துவரவில்லை. சிரிப்பு வராமல் சிரிக்க எனக்கென்ன தலையெழுத்தா? எனக்கும் மைனிக்கும் பஸ்தான். மைனி என் அண்ணன் மனைவி. அண்ணன் போன பிறகு அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனதிலிருந்து, புதன் சனி இரண்டு நாளும் கிளம்பிவிடுவோம். முட்டம், மண்டைக்காடு, குளச்சல் என்று ஏதாவது ஒரு பஸ். கடைசி ஸ்டாப் வரை போக வேண்டியது, ஆளுக்கொரு சாயாவும் ரசவடையும், பிறகு திரும்பி வர வேண்டியது. கடலைக்கூட எட்டிப் பார்க்க மாட்டோம். எங்களுக்குப் பேசத்தான் பஸ்.

அன்றைக்குக் குளச்சல் பஸ். வில்லுக்குறி தாண்டியதும் மைனி மெதுவாகச் சொன்னாள்: அடுத்த மாதம் மகன் வந்து அவளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகிறானாம். வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்த்தாயிற்றாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா உங்களுக்கு?" என்றேன்.

"சொன்னா நீ கோவப்படுவ. அதாம்ட்டி."

அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இவ்வளவு நாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே மறைத்திருக்கிறாளே! வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைனி நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். தக்கலை வந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஏட்டி, இரிட்டி" என்று என் கையைப் பிடித்தாள்.

"தனியாப் போய்ப் பழகிக்கிடுங்க" என்று கையை உதறிவிட்டு இறங்கினேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விசில் அடித்தார்.

அரை மணி நேரம் தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கோபம் இறங்கியதும் வெட்கமாக இருந்தது. அடுத்த குளச்சல் பஸ்ஸில் ஏறிப் போய்க் குளச்சலில் இறங்கினால், முந்தைய பஸ்ஸைச் சுற்றிக் கூட்டம். கண்டக்டர் ஆம்புலன்ஸுக்கு ஓடியிருந்தார். உள்ளே மைனி அப்படியே உட்கார்ந்திருந்தாள். உயிர் இல்லை. தலை ஜன்னல் பக்கம் சாயவில்லை. நான் எழுந்து போன காலி இடத்தின் பக்கம் சாய்ந்திருந்தது, விழாமல். அந்த சீட்டைத் தொட்டேன். சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க கூட வந்தவியளா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் அங்கே நிற்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் மைனியின் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து என் தோளில் விழுந்தான். "அத்தை, கடைசி நேரத்துல நீங்க அம்மா பக்கத்துல இருந்தீங்கல்லா?"

"இருந்தேன் மக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தில் சொந்தக்காரப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "உன் தோளுல சாஞ்சே போயிட்டாளாமே, கொடுத்து வச்சவ" என்றாள் ஒருத்தி. தோளில் சாய்ந்தாள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். குளச்சலில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். ஊர் வாய் கண்ணும் மூக்கும் வைக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் ராத்திரியெல்லாம் அந்த சீட்டின் சூடு உள்ளங்கையிலேயே இருந்தது.

அதன் பிறகுதான் கண்டக்டர் பயம் பிடித்தது. நான் இறங்கியதைப் பார்த்தவர் அவர். என்றைக்காவது மைனியின் மகனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பையனின் முகத்தில் பிறகு நான் எப்படி விழிப்பேன்?

மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. அவர் குளச்சல் ரூட்தானே என்று தைரியமாக ஒரு மத்தியானம் மண்டைக்காட்டு பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிறையக் கூட்டம். நிற்கிறவர்கள் நின்றார்களே தவிர, என் பக்கத்து இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. டிக்கெட் கொடுக்க வந்தவரைப் பார்த்தால், அவரேதான்.

"அம்மா, உங்களத்தான் இத்தன நாளும் தேடிக்கிட்டு இருந்தேன்."

எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்து என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன நீங்க மன்னிக்கணும்மா. திங்கள்சந்தை தாண்டி நான் பின்னால வந்தேன்லா? அந்த அம்மா உங்க தோளுல சாஞ்சு கெடந்தாவ. மொகம் சரியில்லியே, எழுப்பட்டான்னு கேட்டேன். நீங்க வேண்டாம்னு கைய அசைச்சிய. நானும் விட்டுட்டேன். அப்பமே எழுப்பியிருந்தா பொழச்சிருப்பாவளோ என்னவோ. ஒறக்கம் வரலம்மா எனக்கு."

காதில் விழுந்தது மண்டைக்குள் ஏற நேரமாயிற்று. பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாததை, பஸ்ஸில் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்.

"நான் தக்கலையிலயே எறங்கிட்டேனே!"

"எறங்கினிய. நாந்தானே விசில் அடிச்சேன்" என்றார். "பொறவு பாத்தா சீட்டுல இருக்கிய. மனசு மாறி முன்வாசல் வழியா ஏறிட்டியன்னு நெனச்சேன்."

"நல்லாப் பாத்தீரா? வேற யாராவது இருக்கும்."

"அதே பச்சச் சேல, அதே கண்ணாடி. உங்க மொகந்தாம்மா." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு மட்டுந்தான். எறங்கும்போ உங்க மொகத்துல அவ்வளவு கோவம் இருந்துச்சு. பொறவு பாக்கும்போ கோவமே இல்ல."

யாரோ ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கத்தினார்கள். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். உங்கள்மேல் தப்பில்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இனி மைனியின் மகனிடம் நான் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது, சாட்சி இருக்கிறது. பக்கத்துக் காலி இடத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட, அந்தப் பச்சைச் சேலைக்காரிமேல் எனக்குப் பொறாமைதான் பொங்கியது. மைனி இருக்கச் சொன்னாள், அவள் இருந்திருக்கிறாள்.