தேசப்பன் கொலைகாரனான கதை

பதினொரு ஆண்டுகளாக ராயபுரத்திலிருந்து துப்பறியும் தொடர் எழுதித் தயாரித்து, இருநூற்றுச் சொச்சம் பேரைத் தீர்த்துக்கட்டிய செங்குட்டுவனுக்கு, இந்தக் கொலையைச் செய்தது யாரென்று மட்டும் தெரியவில்லை. மாலைக்குள் சொல்லாவிட்டால் தொடரை நிறுத்திவிடுவதாகச் சேனலில் கெடு வைத்திருந்தார்கள். அந்தக் கவலையோடு கல்மண்டபத்தில் மீன் வாங்கப் போனார்.

"இன்னா நைனா, உன் சீரியல் போலீசு இம்மாம் மக்கா கீறாரு?" என்றாள் மீன்காரி கெங்கம்மா. "கொலை நடந்த மே மாசம் லாஞ்சுல கடலுக்குப் போனேன்னு அதுல வர்ற தேசப்பன் புளுகுறான். தடைக்காலத்துல எவன் லாஞ்ச எடுப்பான்?"

எழுதும்போது மீன்பிடித் தடை செங்குட்டுவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"யாரு கண்டுபுடிக்கிறாங்கன்னு பாக்கத்தான் வெச்சேங்கா," என்று முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு சொன்னவர், மீனை மறந்து ஓட்டமாக ஓடினார்.

அதுவரை பரம சாதுவாக இருந்த தேசப்பனுக்கு, மாலைக்குள் விலங்கு மாட்டியாயிற்று.