பத்திரத்தில் ஒரு சொல்: ஒரகடம் பக்கம் ஒரு நாள்

காலை 7.10. தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் பேருந்து புறப்பட்டது. 2003, ஆடி மாதச் சனிக்கிழமை. ஒரகடத்துக்குச் சீட்டு ஒன்பது ரூபாய். தூரம் ஏறக்குறைய இருபத்துநான்கு கிலோமீட்டர். என்னை அழைத்துப்போனவர் ஸ்டெல்லா. எங்கள் தெருக்காரர், மனநலப் பிரிவில் செவிலியர். மனநோயை எப்படி அடையாளம் காண்பது, கண்டால் என்ன செய்வது என்று கிராமத்தாருக்குச் சொல்லித் தருகிறார். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் பதிவேடு எழுத வரச் சொன்னார்.

படப்பை தாண்டியதும் வயல்களில் நெல்லுக்குப் பதில் மனை விற்பனைக் கொடிகள் பறந்தன. கம்பெனிப் பேருந்துகளில் ஷிப்ட் முடிந்த இளைஞர்கள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போனார்கள்.

8.20. ஒரகடம் கூட்டுச்சாலை. ஷேர் ஆட்டோ, ஆளுக்கு ஐந்து ரூபாய். ஓட்டுநர் என் மடியிலிருந்த நீளப் பதிவேட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாரு நெலம் சார்?"

"நிலம் இல்லை. மனநோய் பற்றிப் பயிற்சி."

"போன வாரம் வந்தவங்க கண்ணு ஆஸ்பத்திரின்னாங்க. டேப்பு வெச்சிகினு அளந்தாங்க. கண்ண டேப்புலயா சார் அளப்பாங்க?"

9.00. மாதா கோயிலை ஒட்டிய கூடம். இருபது பேர் வருவதாகப் பேச்சு, வந்தது பதினொருவர். ஒன்பது பேர் வாசலருகிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பெயர் கேட்டேன். முன்வரிசையில் முழுக்கைச் சட்டை போட்டிருந்த ஏழுமலை ஒருவர்தான் சொன்னார். மற்றவர்களுக்கு எண் மட்டும் போட்டேன்.

ஸ்டெல்லா படங்களைக் காட்டிப் பேசினார். நாள் கணக்கில் தூக்கம் இல்லாமை, குளிக்காமை, தனியாகப் பேசுவது, காரணமில்லாத சந்தேகம்.

"காரணமில்லாத சந்தேகமா?" என்றார் பின்னாலிருந்த ஒரு பெண். "அப்ப இந்த ஊர்ல எல்லாத்துக்கும் மாத்திரை குடுக்கணும்மா."

அன்று கூடம் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அப்படிப்பட்டவரிடம் வாதாடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள் என்று முடித்துவிட்டு, இந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று ஸ்டெல்லா கேட்டார். ஏழுமலை எழுந்தார்.

"எங்க அண்ணன் முருகேசன்தாம்மா. பத்து நாளா தூங்கல. எல்லைக்கல்ல எண்ணிகினு திரியறாரு. பேர எழுதிக்கோங்க. சீல் வெச்சி ஒரு காகிதமும் குடுத்துடுங்க."

சீல் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கை பழக்கத்தில் 'மு' என்று எழுதிவிட்டது.

"எழுதாதீங்க சார்!"

சற்று முன் எல்லோரையும் சிரிக்க வைத்த அதே பெண். முருகேசனின் மனைவி கன்னியம்மா.

"பத்திரத்துல இன்னா எழுதுவாங்க? சுயபுத்தியோட சம்மதிச்சின்னுதான? நெலம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு பேர்லயும் கூட்டுப் பட்டாவுல கீது. எங்க வூட்டுக்காரு விக்க கையெழுத்து போட மாட்டேங்கறாரு. அவருக்குப் புத்தி இல்லன்னு காகிதம் வந்துட்டா கையெழுத்தே வேணாம்னு புரோக்கரு சொல்லிக் குடுத்துக்கிறான்."

"வைத்தியம் பாக்கலாம்னா பழி போடறியே அண்ணி."

"வைத்தியத்துக்கு சீல் எதுக்குடா?"

ஏழுமலை உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். பேனாவை மூடினேன்.

11.40. கன்னியம்மா எங்களை நிலத்துக்கு அழைத்துப் போனார். வழியில் குரலைத் தாழ்த்தி, "தூக்கம் இல்லன்றது நெசந்தாம்மா. சோறும் எறங்கல" என்றார்.

முருகேசன் முள்தாடியோடு வரப்பில் நின்றார். என் பதிவேட்டைப் பார்த்ததும் பின்வாங்கினார். அதை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு அருகே போனேன்.

"கல்லு நகருது சார். முப்பது காலடி இருந்திச்சி. கொறையுது."

இரு கல்லுக்கும் இடையே நடந்து எண்ணினேன். இருபத்தெட்டு. நான் அவரைவிட உயரம். என் காலடியும் நீளம். ஆகவே அது ஒன்றையும் நிரூபிக்காது. ஆனால் ஒரு கல்லின் அடியில் மட்டும் மண் புதிதாக, ஈரமாக இருந்தது.

ஸ்டெல்லாவைத் தனியே அழைத்துக் கேட்டேன்: "காரணம் இருந்தால் இது நோய் இல்லையே?"

"காரணம் இருந்தாலும் பத்து நாள் தூங்காத உடம்பு தாங்காது சார்."

பிறகு வரப்பிலேயே முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை வாதாடவில்லை. "தூக்கத்துக்கு மட்டும் பாக்கலாம்ணே. மருந்துச் சீட்டு உங்க கையிலதான் இருக்கும். தம்பி கேட்டா தர மாட்டேன்."

முருகேசன் மனைவியைப் பார்த்தார். "கல்ல யாரு பாத்துக்குவா?"

"நான் பாத்துக்கறேன்" என்றார் கன்னியம்மா. உடனே திருத்திக்கொண்டார். "இல்ல, நான் உன்கூட வரணும். மாதா கோயில்ல சொல்லி ஆள் நிறுத்தறேன்."

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு வருவதாக முருகேசன் ஒத்துக்கொண்டார்.

பிற்பகல் 1.15. திரும்பும் பேருந்து. பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், கிழித்தால் எதையோ மறைத்ததாக ஊர் நினைக்கும் என்றார் ஸ்டெல்லா. 'மு' தனியாக அப்படியே நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பதினாறு ஆண்டுகளாகப் பெட்டியில் இருப்பது. இரண்டாம் பக்கம், நான்காம் வரி: 'சுயபுத்தியுடனும் முழுச் சம்மதத்துடனும்.' நான் சுயபுத்தியோடு இருக்கிறேனா என்று கையெழுத்துப் போட்ட அன்று யாரும் கேட்கவில்லை. பெட்டியைப் பூட்டிவிட்டு, வெளியே போய், காம்பவுண்டுச் சுவரை ஒரு முறை காலடியால் அளந்தேன்.