டைட்டு வளர்த்த காரைச் செடி

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘டைட்டு’. எதையும் தளர்வாக விடமாட்டார் மனிதர். சர்க்கரை டப்பா மூடியைத் திறக்க, கல்யாணமான நாளிலிருந்து நான் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கட்டடத்துக்கு நிலம் சுத்தம் செய்த இடத்திலிருந்து ஒரு காரைச் செடியை வேரோடு சட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். வேலியோரத்தில் தானாக முளைக்கிற முள்செடி. ஆட்டைத் தவிர யாரும் திரும்பிப் பார்க்காத அதைப் போன்சாயாக, தட்டில் வளரும் குட்டி மரமாக, ஆக்கப் போகிறாராம். அதற்கு என் பாத்திரத் தட்டு ஒன்று பறிபோனது. வெட்டுவார், பழைய செம்புக் கம்பியைச் சுற்றிக் கிளையை வளைப்பார், எட்டி நின்று பார்ப்பார். என்னை அப்படி ஒருநாளாவது பார்த்திருப்பாரா!

ஐந்து வருஷம் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனால், போன்சாய் சங்கத்துக்காரர்கள் மூன்று வருஷம் வேலிச் செடி வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவது வருஷம் நம் மண்ணின் செடிகளுக்கென்று தனி மேசை போடுவதாகக் கடிதம் வந்தது. அந்த மேசையில் தன் செடி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. நேரம் பார்த்து, கண்காட்சிக்கு முன்னால் ஆறு வாரம் வெளியூர் ஆலையில் வேலை வந்தது. தண்ணீர் மட்டும் ஊற்று, கை வைக்காதே என்று நூறு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மழை பெய்தது. செடி மளமளவென்று பருத்தது. நாலாவது வாரம் பார்த்தால், இடப்பக்கக் கிளையில் கம்பி பாதி புதைந்து கிடக்கிறது, வீங்கின விரலில் மோதிரம் மாதிரி. உடனே போன் போட்டேன்.

“கைய வைக்காத. நான் கட்டுனது அசையாது” என்றார்.

அசையாததுதானே பிரச்சினை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய குறடு ஒன்றை எடுத்துக் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தேன். பாவி மனுஷன், மின்கம்பத்தில் கட்டுகிற மாதிரி அல்லவா கட்டியிருந்தார். கடைசிச் சுற்றில் கிளை ‘டப்’பென்று ஒடிந்து, பட்டையில் தொங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. செடிக்கு அழகே அந்தக் கிளைதான். அவருடைய கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, நிமிர்த்திச் சுற்றி வைத்தேன். மறுபடி ஒடிந்துவிடுமோ என்று இறுக்கவே மனசு வரவில்லை.

தினமும் போனில் முதலில் செடியைக் கேட்பார், அப்புறம் என்னை. இரண்டு பேருமே நன்றாக இருக்கிறோம் என்று கூசாமல் புளுகினேன். அந்தக் கிளையின் இலையெல்லாம் அதற்குள் உதிர்ந்திருந்தது.

வந்தவர் பையைக்கூட இறக்காமல் பால்கனிக்குப் போனார். பின்னாலேயே ஓடி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கம்பி பதிந்த தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். ஆழமான தழும்பு. டேப்புக்கு மேலே, ஒடிந்த கிளையின் நுனியில் கடுகளவு பச்சைத் துளிர் இருந்தது. இரண்டு வாரமாகப் பார்க்கிற எனக்கு அது தெரியவே இல்லை.

கண்காட்சியில் செயலாளர் டேப்பைப் பார்த்து முகம் சுளித்தார். அதைப் பிரித்தால்தான் மேசையில் இடம் என்றார். பிரித்தால் கிளை கையோடு வந்துவிடும். ஒன்பது வருஷம் காத்திருந்த மேசை ஓர் அடி தூரத்தில் இருந்தது. இவர் செடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பஸ்ஸில் மடியில் தட்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“என்னாலதானங்க எல்லாம் போச்சு?”

“இறுக்குனது நான். நீ லேசா சுத்துன பாரு, அதான் பொழச்சிருக்கு” என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

மறுநாள் காலையில் அவர்தான் காபி போட்டார். அவர் போனபிறகு இன்னொரு காபிக்காகச் சர்க்கரை டப்பாவை எடுத்தேன். பழக்கத்தில் பக்கத்து வீட்டைப் பார்த்து நடந்தவள், பாதி வழியில் மூடியைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். திறந்துகொண்டது.