சரஸ்வதியைத் தனியே பிரித்தெடுத்த நாள்

மயிலாடியில் என் கணவர் சொந்தமாகச் சிற்பக்கூடம் வைத்திருக்கிறார். உளி பிடிப்பது அவர். மெயில், பில், போட்டோ எல்லாம் என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தவள் நான். போட்டோ எடிட்டிங் கைக்குப் பழகிய வேலைதான்.

போன வருஷம் மலேசியாவில் உள்ள ஒரு கோயிலுக்குச் சரஸ்வதி சிலை செய்தோம். மரப்பெட்டியில் வைக்கோல் அடைத்துச் சிலையைத் தூத்துக்குடித் துறைமுகம் போகும் லாரியில் ஏற்றிவிட்ட அன்று காலையில், கோயில் செயலாளர் போன் செய்தார். கும்பாபிஷேகப் பத்திரிகை அச்சுக்குப் போகிறதாம்.

"எங்க கோபுரப் படத்துக்கு முன்னால சரஸ்வதியை வைக்கணும்மா. பின்னணி எதுவும் இல்லாம சிலை மட்டும் தனியா வேணும். இன்னைக்குள்ள கிடைக்குமா?"

"கிடைக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரைத் திறந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வேலை முடிந்த பிறகு சிலையை நான் எடுத்திருந்த போட்டோ ஒன்றே ஒன்று. அதில் பின்னால் பாதி செதுக்கிய நந்தி, தண்ணீர் டிரம், கொடியில் நான் காயப்போட்ட துணி.

பின்னணியைத் தானாக நீக்கும் பட்டனை அழுத்தினேன். துணி போயிற்று, டிரம் போயிற்று. கூடவே அட்சமாலை பிடித்த கையும் போயிற்று. நந்தியின் திமில் மட்டும் தேவியின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்றது.

எட்டிப் பார்த்த கணவர் பதறிவிட்டார். "ஏட்டி, அம்மைக்க ஒரு கையக் காணல்லியே!"

"சிலையும் சாம்பல் நிறம், பின்னால கெடக்க கல்லுப்பொடியும் சாம்பல் நிறம். எது எதுன்னு இதுக்குத் தெரியல்ல."

"பெட்டியத் தொறக்கணும்னு மட்டும் சொல்லிராத. லாரி காவல்கிணறு தாண்டியிருக்கும்."

வேறு வழியில்லை, கையால்தான் செய்யவேண்டும். படத்தைப் பெரிதாக்கி, சிலையின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே போனேன். கிரீடம், காது, தோள் எல்லாம் சுலபம். விரல்களிடம் வந்ததும் திணறினேன். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, நிழல் தெரிந்த இடத்தில் ஓரத்தைப் பிடித்தேன். வீணைக்கும் மடிக்கும் நடுவிலிருந்த இடைவெளியைத் தனியாக வெட்டினேன். மாலையின் மணிகளைச் சுற்றி வரும்போது கழுத்து மரத்துப்போயிருந்தது. கணவர் இரண்டு தடவை பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் பின்னணி முழுதும் போய், சிலைக்குப் பின்னால் காலியிடம் என்று காட்டும் வெறும் கட்டங்கள் தெரிந்தன. பின்னணி இல்லாத படமாகச் சேமித்து, செயலாளருக்குப் போனில் அனுப்பிவிட்டு மூச்சு விட்டேன்.

உடனே அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அம்மா, சிலைக்குப் பின்னால முழுக்கக் கறுப்பா வருதே."

"இவ்வளவும் வீணா?" என்று கணவர் கேட்டபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டரில் திரும்பத் திறந்து பார்த்தேன். அங்கே படம் சரியாகவே இருந்தது. கறுப்பு எங்கும் இல்லை. அப்போதுதான் விளங்கியது. சாதாரண போட்டோ போல அனுப்பியதால் போன் அதைச் சுருக்கி, காலியான இடத்தைக் கறுப்பால் நிரப்பியிருக்கிறது. அதையே ஃபைலாக இணைத்து மறுபடி அனுப்பினேன். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்சம் கழித்துப் பத்திரிகையின் முதல் பக்கம் வந்தது. கோபுரத்துக்கு முன்னால் சரஸ்வதி, நான்கு கையும் முழுதாக. மாலையின் வளைவுக்குள் நீல வானம் தெரிந்தது. "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று செயலாளர் எழுதியிருந்தார்.

"அப்பாடா" என்று தரையிலேயே கால்நீட்டிச் சாய்ந்தேன்.

"காலையில இருந்து ஒண்ணும் தின்னல்ல நீ. எழும்பு" என்று கணவர் அடுக்களைக்குள் போனார். அவரே சோறு போட்டு, தீயல் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்தார். ஆறித்தான் போயிருந்தது. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.