பலகை ஜீரோ ஆன நாள்

காலையில் திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறினால், ஊத்துக்கோட்டை வழியாகத் தேர்வாய் கண்டிகை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் ப்ளாக் முழுவதும் அந்த பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், ஒற்றைக் கட்டைவிரலால் எழுதியதுதான். ஐந்து வருஷமாக எழுதுகிறேன். மாவு புளிக்காதது, மாமியாரோடு பேச்சு நின்றுபோனது, ரயில்வே கேட்டில் வெயிலில் காய்ந்தது என்று எல்லாமே வீட்டு விஷயம். படிக்கிறவர்கள் என்னை அக்கா என்பார்கள். பேர் தெரியாது, முகம் தெரியாது. "அக்காவுக்கு எவ்வளவு பொறுமை" என்று ஒருத்தர் எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி சிந்திப் போனது.

பஸ்ஸை விட்டு இறங்கினால் நான் சிஸ்டர். பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முதலுதவி அறை நர்ஸ். அங்கே எனக்குப் பொறுமை கிடையாது. வேலைக்கு டிமிக்கி கொடுக்கத் தலைவலி என்று வருகிறவர்களை முறைத்தே திருப்பி அனுப்பிவிடுவேன். அக்காவும் சிஸ்டரும் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். அறையில் நடப்பது ப்ளாக்கில் வராது, ப்ளாக் இருப்பது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. அந்தச் சட்டத்தை ஒரு நாள்கூட மீறாததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

எங்கள் கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய பலகை நிற்கும். விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று அதில் எண் போட்டிருக்கும். ஒவ்வொரு நூறாவது நாளும் கேண்டீனில் எல்லாருக்கும் பிரியாணி, ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். யாருக்காவது அடிபட்டு என் பதிவேட்டில் ஏறிவிட்டால் மறுநாள் பலகை ஜீரோ. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "சின்னக் கீறல்தானே சிஸ்டர், எழுதாதீங்க" என்று சூப்பர்வைசர் கேட்டபோது இரண்டு தடவை பேனாவை மூடி வைத்திருக்கிறேன். எனக்கும் பிரியாணி பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு நண்டு கழுவும்போது கொடுக்கு என் விரலைப் பதம் பார்த்துவிட்டது. உலகத்துக்கே மருந்து போடுகிறவள் ஒரு நண்டிடம் தோற்ற கதையை மறுநாள் பஸ்ஸில் எழுதிப் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, ஊத்துக்கோட்டை தாண்டியதும் பின்னூட்டங்களைப் பார்த்தேன். முகத்துக்குப் பதிலாக ஒரு செம்பருத்திப் பூவை வைத்திருந்த யாரோ எழுதியிருந்தார்கள்.

"அக்கா, வேலையில வெரல்ல கத்தி பட்டு நாலு நாளாச்சு. கறுப்பு டேப் சுத்தி அதுமேல கிளவுஸ் போட்டுக்கினு கீறேன். நல்லா வீங்கிடுச்சு. செவப்பா ஒரு கோடு மணிக்கட்டு வரைக்கும் வந்துகீது. கம்பெனில சொன்னா போர்டு ஜீரோ ஆயிடும், எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க. நானூறுக்கு இன்னும் மூணே நாளு. மஞ்சா வச்சா போதுமாக்கா?"

முதல் நாள் மாலை கேட்டைத் தாண்டும்போது நான் பார்த்த எண் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. நானூறுக்கு அதே மூன்று நாள். இந்தப் பெண் வேலை செய்வது என் கம்பெனியில். என் அறைக்கு நாற்பதடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத அக்காவிடம் மருந்து கேட்கிறாள்.

கத்தி என்றால், பாகங்களின் ஓரத்தில் நீளும் பிளாஸ்டிக் பிசிறை வெட்டும் பிரிவு. முப்பது கான்ட்ராக்ட் பெண்கள், முப்பது ஜோடி கையுறை. எல்லாரையும் கழற்றச் சொன்னால் முதலில் சூப்பர்வைசருக்குத் தெரியும். கான்ட்ராக்ட் பெண், பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டால், விஷம் பரவுவதைக் காட்டும் அந்தச் சிவப்புக் கோடு அவளோடு ஏறிக்கொண்டே போகும். தனியாகச் சொல்லவும் வழியில்லை. பின்னூட்டத்துக்கு அடியில், ஊரே பார்க்கும் இடத்தில்தான் பதில் எழுத வேண்டும். ஐந்து வருஷச் சட்டம் ஒரு நிமிஷம் என் கையைப் பிடித்தது. பிறகு எழுதினேன்.

"தங்கச்சி, உன் கம்பெனி நர்ஸ் நான்தான். இன்னைக்கு டீ பிரேக்ல என் ரூமுக்கு வா. பதிவேட்டில் எழுதுவேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதுக்காக உன்னை யாரும் ஒரு வார்த்தை பேச விடமாட்டேன்."

டீ பிரேக்கில் யாரும் வரவில்லை. ஸ்டெரிலைசரை மூன்று தடவை துடைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கதவருகே ஒரு பெண் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். பார்த்த முகம். போன மாதம் தலைவலி என்று வந்தபோது நான் விரட்டியவள்.

"நீங்கதானா அது?" என்றாள்.

"நான்தான். ஏன் இங்க வரல? நாலு நாளா இன்னா பண்ணினு இருந்த?"

"சிஸ்டர் கத்துவாங்கன்னுதான் அக்கா கையில கேட்டேன்."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. டேப்பை வெட்டினேன். உள்ளே இருந்ததை இங்கே எழுத மாட்டேன், அந்தச் சட்டத்தில் அவ்வளவாவது மிச்சம் இருக்கிறது. கம்பெனி வண்டியில் அவளோடு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். திரும்பி வந்து பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். பேனா நன்றாகவே எழுதியது.

அவளோடு வேலை செய்கிறவர்கள் வழியாக மாலைக்குள் என் பதில் எல்லார் போனிலும் ஓடியது. மறுநாள் பலகையில் ஜீரோ. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"கம்பெனி விஷயம் இன்டர்நெட்ல வந்தா வேலை போயிடும் மேடம், தெரியுமில்ல? அதை டெலீட் பண்ணிடுங்க."

"கம்பெனி பேர் ஒரு எழுத்துகூட அதுல இல்ல சார். அவ விரல் இருக்கு. ரெண்டு நாள் போயிருந்தா எடுத்திருப்போம்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். அதையும் சேர்த்து அழிக்கணுமா?"

அவர் தண்ணீர் குடித்தார். போகலாம் என்று கையைக் காட்டினார். என் பதிலை நான் அழிக்கவில்லை.

நானூறாவது நாளாக இருந்திருக்க வேண்டிய நாளில் கேண்டீனில் எலுமிச்சை சாதம். "ஒருத்தியால பிரியாணி போச்சு" என்று பின்மேஜையில் யாரோ முனகினார்கள். தட்டோடு எழுந்து நின்றேன். "எழுதினது நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. எதிர்லயே நிக்கிறேன்." எல்லாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சாதத்தில் உப்பு குறைவு, அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கதவைத் தட்டினார். கட்டைவிரலில் கறுப்பு டேப். "அதான் போர்டு ஜீரோ ஆயிடுச்சே சிஸ்டர், அப்டியே இதையும் பாத்துடுங்க" என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். என் பதினோரு வருஷ சர்வீசில் அந்த அறை வாசலில் வரிசை நின்றது அன்றுதான். ஒருத்தரையும் முறைக்கவில்லை. ஐந்து பேரையும் எழுதினேன். எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழையும் விட அந்த ஒரு பக்கத்தின் மேல் எனக்குப் பெருமை அதிகம்.

இப்போது பலகையில் எண் பத்தைத் தாண்டுவதே அபூர்வம். பிரியாணி வேண்டுமென்றால் நாங்களே காசு போட்டு வாங்கிக்கொள்கிறோம்.

போன வாரம் ப்ளாக்கில் ஒரு பின்னூட்டம். செம்பருத்திப் பூ இருந்த இடத்தில் ஒரு வலது கை. ஐந்து விரலிலும் மருதாணி சிவந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், தெரிந்தும் எண்ணினேன். "நல்லாக்கீதாக்கா?" என்று கேட்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. புதுசா தோல் வந்த இடத்துல அதுக்குள்ள யாரு மருதாணி வைக்கச் சொன்னது? நாளைக்கு ரூமுக்கு வா, இருக்கு உனக்கு" என்று ஊரே பார்க்கும்படி எழுதினேன்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி என் அறைக்குப் போனால், எனக்கு முன்னாலேயே வந்து கதவருகில் நின்றுகொண்டிருந்தாள், கையை முன்னால் நீட்டியபடி.